சந்தைக்குச் சந்தை

பாய்,

இன்று காலை எங்கள் தெருவுக்குத் தார் போட வந்தார்கள். பீப்பாயை அடுப்பின் மேல் உருட்டி வைத்துக் கீழே விறகைத் தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் கிளம்பி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. என் வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். நான் வெளியே போய் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே நின்றேன். "பெரியவரே, அக்கட்டால தள்ளி நில்லுங்க, மேல தெறிச்சுபோடும்" என்றான் வேலைக்காரன். எனக்கு நகர மனம் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நமக்கு டப்பாவில் அடைத்துக் கொடுத்த கருப்புக் களிம்பின் வாசம் அல்லவா அது. உங்கள் முதுகின் வாசம், என் முழங்கையின் வாசம்.

"நம்ம மேல ரோடு போடறாங்க கவுண்டரே. இன்னும் கொஞ்ச நாள்ல பஸ்ஸு உட்டுருவாங்க பாருங்க" என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து, தனியாக நின்று சிரித்தேன். வேலைக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். ஆமாம் பாய், நானேதான் எழுதுகிறேன். கைநாட்டு வைத்த அதே கட்டைவிரலால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். ஒரு வருசத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வெயில் ஒரு முழம் நகர்ந்துவிடுகிறது. ஆனாலும் எழுதிய வரியைத் திரும்பப் படிக்கும்போது அது நான் நினைத்ததையே சொல்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோசம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எழுத வந்த விஷயம்தான் சந்தோசமானது இல்லை. உங்களைப் பற்றி ஒரு பேச்சு இன்னும் நிற்கிறது. மகள் கல்யாணத்துக்குள் தோல் சுத்தமாக வேண்டும் என்ற ஆசையில், கயிற்றுக்கடை பாய் மாத்திரையை அள்ளித் தின்று செத்துப்போனார் என்ற பேச்சு. அது பொய். அது பொய் என்று என் கையால் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் நான் எழுத்துப் படிக்கவே போனேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். மாதம் ஒருமுறை தோல் டாக்டர் வருகிற நாள் அது. சுகாதார நிலையத்தின் வராந்தாவில் அத்தனை கூட்டம். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு மட்டும் காலியாக இருந்தது. என் முழங்கையிலிருந்தும் தலையிலிருந்தும் வெள்ளைச் செதில் உதிர்ந்து பெஞ்சில் கிடந்ததைப் பார்த்தவர்கள் எல்லாம் நின்றுகொண்டே இருந்தார்கள். கைக்குழந்தையை வைத்திருந்த ஒரு பெண்கூட உட்காரவில்லை. அப்போது தோளில் கயிற்றுக் கட்டோடு நீங்கள் வந்தீர்கள். "ஏனுங்க, இங்க உக்காரலாமுங்களா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் என் கையைப் பார்த்தீர்கள். உங்கள் சட்டைக் கையைச் சுருட்டி உங்கள் முழங்கையைக் காட்டினீர்கள்.

"அட, நம்ம சாதிதானுங்களா நீங்களும்!"

வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்தேன். இந்தச் செதில் வந்த பிறகு வெளியிடத்தில் நான் சிரித்தது அன்றுதான்.

அந்த நாட்களில் நமக்கு இருந்த பெரிய பயம் ஒன்றே ஒன்று. ஊரில் எல்லோரும் இதைப் பெருவியாதி என்றார்கள். சொசைட்டியில் என் கையால் பால் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் கறந்த பாலை என் வீட்டுக்காரி கொண்டுபோய் ஊற்றினாள். கறந்தது யார் என்று அவர்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உங்களிடம் மூக்கணாங்கயிறு வாங்க வருகிறவர்கள் உங்கள் விரலைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்கள். அதனால் நீங்கள் சாக்கை விரித்து அதன்மேல் கயிறுகளைப் பரப்பி வைத்து, "நீங்களே எடுத்துக்கங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகியிருந்தீர்கள். நார்க்கயிறு உரசி உரசி உங்கள் உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அன்று சுகாதார ஊழியர் ஒருவர் நம் கண்ணைக் கட்டிவிட்டு, செதில் இருந்த இடத்தில் பஞ்சால் தடவியும் ஊசி முனையால் தொட்டும் பார்த்தார். பெருவியாதி என்றால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காதாம். அதைப் பார்க்கிற சோதனை. வெளியே வந்ததும் உங்கள் கண் கலங்கியிருந்தது. "குத்துனது வலிச்சுதுங்க கவுண்டரே! இத்தன சந்தோசமா ஒரு வலிய நான் பட்டதேயில்ல" என்றீர்கள்.

டாக்டர் நமக்கு நோயின் பெயரைச் சொன்னார். சொரியாசிஸ். நீங்கள் உடனே, "பேருலயே வச்சுட்டாங்களே, சொறியாதேன்னு" என்றீர்கள். டாக்டரே சிரித்துவிட்டார். பிறகு அவர் சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே சொல்வேன். "இது தொத்தாதுங்க. பொண்டாட்டி புள்ளைக்கு ஒட்டாது. ஆனா போகவும் போகாது. அடங்கும். நாம அடக்கி வச்சுக்கணும்." காலை வெயிலில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். சோப்பைக் குறைக்கச் சொன்னார். கருப்புக் களிம்பைக் கொடுத்தார். களிம்புக் கறை வேட்டியிலும் படுக்கையிலும் ஒட்டிக்கொண்டு, துவைத்தாலும் போகவில்லை. உங்கள் வீட்டில் ஒரு போர்வையை உங்களுக்கென்று ஒதுக்கிவிட்டதாகச் சொன்னீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

முடி வெட்டுகிற கடையில் நம் இரண்டு பேரையும் உட்கார விடவில்லை. தலையில் செதில் காய்ந்து ஓடு மாதிரி நின்றது. நீங்கள் ஒரு நாள் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் என்னைக் குந்தவைத்து, கயிறு வெட்டுகிற கத்திரியை எடுத்தீர்கள்.

"பாய், அது எருமைக் கயிறு வெட்டறதுங்க."

"அதனாலதானுங்க உங்களுக்கு எடுத்தேன். ஆடாம இருங்க, காது வந்துரும்."

வெட்டி முடித்து ஒரு முறை என்னைச் சுற்றி வந்து பார்த்தீர்கள். "காளை லட்சணமா இருக்குது. சந்தையில நிறுத்துனா விலை போயிரும்" என்றீர்கள். நான் உங்களுக்கு வெட்டினேன். என் கை அவ்வளவு நேராக இல்லை. உங்கள் வீட்டில் சிரித்தார்களாம். அந்த மரத்தடியில் கிடந்த முடியையும் செதிலையும் நீங்களே கூட்டி அள்ளிப் போட்டீர்கள். "யாராச்சும் பார்த்தா மரத்தையும் வெட்டிப்போடுவாங்க" என்றீர்கள். அதற்கு நாம் சிரிக்கவில்லை.

மகளுக்கு வரன் முடிவானதை நீங்கள் சொன்ன நாளில் உங்கள் முகத்தில் சந்தோசத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. நிக்காஹ்வில் பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்ணைக் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. உங்கள் கையை விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"இந்தக் கையை நீட்டுனா அந்தப் பையன் பிடிப்பானுங்களா கவுண்டரே? பிடிச்சாலும் பொறவு போய்க் கழுவுவான். அத எம்பட புள்ள பார்ப்பா."

களிம்பால் உங்களுக்கு அடங்கவில்லை. எனக்கும்தான். முதுகு, தொடை, உள்ளங்கை என்று பரவிவிட்டது. அடுத்த முறை வந்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை தருகிறேன் என்றார். சின்னதாய், மஞ்சளாய் இருக்கும் மாத்திரை. இருவருக்கும் ஒரே மாத்திரை. அன்றைக்குக் கூட்டம் அதிகம். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மருந்து கொடுக்கிற இடத்தில் சொல்வார்கள் என்றார். நீங்கள் தயங்கி நின்று, "நான் ஊரூரா அலையறவனுங்க சார். மாட்டுச் சந்தை மும்முரமா இருக்கற காலம். அடுத்த மாசம் வர முடியுமோ என்னமோ, கொஞ்சம் எச்சாக் குடுங்க" என்று கேட்டீர்கள். அவர் உங்கள் மீது இரக்கப்பட்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்த அம்மணியை நாம் இருவரும் அறிவோம். நல்ல மனுசி. நம் கையைத் தொட்டு மருந்து கொடுக்கிறவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

"படிக்கத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருமே கைநாட்டுத்தானுங்க" என்றீர்கள் நீங்கள்.

"அப்ப நல்லாக் கேட்டுக்கங்க. சந்தைக்குச் சந்தை போடோணும். சந்தையன்னிக்கு ராத்திரி சோறு உண்டுபோட்டு மூணு மாத்திரை. சந்தை இல்லாத அன்னிக்குத் தொடவே கூடாது. தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்க" என்று நான் சொன்னேன். "தெரிஞ்சுதுங்க" என்று நீங்களும் சொன்னீர்கள்.

எங்கள் பக்கத்துச் சனம் வாரத்தைச் சந்தையால்தான் எண்ணுகிறது. போன சந்தைக்குக் கடன் வாங்கினேன், அடுத்த சந்தைக்குத் தருகிறேன் என்பார்கள். கிழமையின் பெயரை மறந்தாலும் சந்தையை மறக்க மாட்டார்கள். எங்கள் ஊர்ச் சந்தை புதன்கிழமை. எனக்குச் சந்தை என்றால் அது ஒன்றுதான். புதன் இரவு மாத்திரை போட்டேன். மறுபடி அடுத்த புதன் போட்டேன்.

அந்த இரண்டாவது புதன் பகலில், சந்தையில் உங்களைப் பார்த்தேன். வழக்கமாகச் சாக்கு விரிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். எப்போதும் நின்றுகொண்டு கூவுகிறவர் அன்று உட்கார்ந்திருந்தீர்கள். உதடு வீங்கியிருந்தது.

"வாயெல்லாம் புண்ணுங்க. வெத்தலை போட முடியல, காரம் பட்டா உசுரு போகுது. சூடு போலிருக்குது. மருந்து வேலை செய்யுதாட்ட இருக்குதுங்க" என்றீர்கள்.

"மாத்திரை உடாமப் போடறீங்களா?"

"ஒரு சந்தை தவறாமப் போடறேனுங்க."

"நானும் அப்படித்தானுங்க" என்றேன்.

இரண்டு பேரும் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டோம். நாம் சொன்னது ஒரே வார்த்தை பாய். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம். அந்த இடத்தை நான் மனதுக்குள் எத்தனையோ முறை போய்ப் பார்த்துவிட்டேன். அதில் யார் முகத்திலும் பொய் இல்லை.

பிறகு உங்கள் மச்சான் ஆள் அனுப்பினார். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். நான் பஸ் பிடித்து வந்தேன். கட்டிலில் கிடந்தவரை நீங்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உதட்டில் ரத்தம் காய்ந்து கருப்பாக ஒட்டியிருந்தது. செதில் இருந்த இடமெல்லாம் தோல் பிளந்து புண்ணாகியிருந்தது. ஜுரம் அனலாக அடித்தது. காலடியில் உங்கள் வீட்டம்மாவும், தலைமாட்டில் உங்கள் மகளும் நின்றார்கள். மகள் ஈரத்துணியை உங்கள் நெற்றியில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு இளவயது டாக்டர் வந்தார். வெளியூர்க்காரர் போலப் பேசினார். மிச்சம் இருந்த மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது வாரத்துக்கு ஒரு நாள் போடுற மாத்திரை. நீங்க தினமும் போட்டிருக்கீங்க. உடம்புல ரத்தமே ஊறாமப் போச்சு. யார் இப்படிச் சாப்பிடச் சொன்னது?" என்று கேட்டார்.

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். வாயை அசைக்கவே உங்களால் முடியவில்லை.

"சந்தைக்கு... சந்தை..."

"என்ன சொல்றார்?"

"ஜுரத்துல பினாத்தறாருங்க" என்றார் உங்கள் மச்சான். "சாகக் கிடக்கறப்பவும் யாவாரந்தான்."

அது அம்மணி சொன்ன வார்த்தை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து உங்கள் காதுக்குப் பக்கத்தில் கேட்டேன். "பாய், கடைசியாப் போனது எந்தச் சந்தை? அதுக்கு முந்தி?" நீங்கள் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். கருமத்தம்பட்டி. பொள்ளாச்சி. எங்கள் ஊர். ஆனைமலை. கிழக்கே கொடுமுடிப் பக்கம். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே நெடுநேரம் மூச்சு வாங்கினீர்கள். பொழுது விடிந்தால் ஒரு சந்தையில் கயிறு விரிக்கிற மனிதர் நீங்கள். உங்களுக்குச் சந்தை இல்லாத நாள் ஏது? எனக்கு வாரம் ஒரு முறை வந்த அதே சந்தை, உங்களுக்குத் தினமும் வந்தது.

நான் டாக்டரிடம் சொன்னேன். அவருக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அவர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு உங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர் ஒருவர் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உட்கார்ந்து உங்கள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். உள்ளங்கை வெடித்த அந்தக் கையை. நேரம் கடந்துவிட்டது என்று அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நீங்கள் போய்விட்டீர்கள். அதற்குள் உங்கள் மச்சான் வெளியே போய் எல்லோரிடமும், மாத்திரையை அதிகமாகச் சாப்பிட்டுவிட்டார் என்று சொல்லியிருந்தார். 'அதிகமாக' என்பது அடுத்த ஊர் போய்ச் சேர்வதற்குள் 'அள்ளி' என்று ஆனது. அதற்குக் காரணமும் மக்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். கல்யாணம் நெருங்குதே, அவசரம், என்றார்கள். சந்தைகளில் கயிறு விரிக்கிற மற்றவர்களிடம் நான் போய்ப் போய்ச் சொன்னேன். "கவுண்டரு சிநேகிதத்துல பேசறாரு" என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

மருந்து கொடுக்கிற அம்மணியிடமும் போய்ச் சொன்னேன். சண்டை போடத்தான் போனேன். அவர் கேட்டுவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "பொதன்கெழமைன்னு சொன்னா பாதிப் பேரு மறந்துபோடறாங்க. சந்தைன்னா மறக்க மாட்டாங்கன்னுதானுங்க அப்படிச் சொல்லிப் பழகினேன். எங்கப்பாருக்கும் அப்படிச் சொல்லித்தானுங்க மருந்து குடுக்கறேன். பாயை நம்ம சந்தையிலயே பாத்துப் பாத்து, அவரு நம்மூரு சந்தைக்காரருன்னே நெனச்சுபோட்டேன்" என்றார்.  நான் சண்டை போடாமல் திரும்பி வந்தேன். இப்போது அவர் மருந்தைக் கொடுத்த பிறகு, "நீங்க என்னைக்கு, எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லுங்க பாக்கலாம்" என்று ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைக்கிறார். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை பொட்டலத்தைக் கையிலிருந்து விடுவதில்லை. வரிசை நீண்டு போகிறது. சனங்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

உங்களுக்குப் பிறகு என் பங்கு மாத்திரைகளை எருக்குழியில் கொட்டினேன். கொஞ்ச நாளில் என் முதுகு முழுவதும் திரும்ப வெடித்தது. சட்டை போட முடியாமல், படுக்க முடியாமல், கயிற்றுக் கட்டிலில் குப்புறக் கிடந்தேன். என் வீட்டுக்காரி காலையில் படுக்கையை உதறும்போது செதில் முறத்தளவு விழும். தோல் டாக்டர் நான் வராததைக் கேட்டு, மாத்திரையோடு வீட்டுக்கே வந்தார். "இந்த மாத்திரைதானுங்க எங்க பாயைக் கொன்னுச்சு" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மாத்திரை இல்லீங்க. நாங்க சொன்ன விதம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் திரும்பவும் மாத்திரைக்கு வாயைத் திறந்தேன். இன்றைக்கும் அதே மஞ்சள் மாத்திரைதான். குறித்த நாளில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். என் தோல் அடங்கியிருக்கிறது பாய். சொசைட்டியில் என் கையாலேயே பால் ஊற்றுகிறேன். உங்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எழுத்து வகுப்பில் சேர்ந்த முதல் நாள், சொல்லித் தருகிற பெண் அம்மா, ஆடு என்று ஆரம்பித்தாள். "கண்ணு, எனக்கு மொதல்ல கெழமை ஏழையும் எழுதப் பழக்கு, ஆடெல்லாம் அப்பறம் மேய்ச்சுக்கலாம்" என்றேன். "பெரியவருக்கு எங்கியோ போற அவசரம்" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். புதன் என்ற சொல்லை முதல் முறை நானாக எழுதியபோது அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். அந்த மூன்று எழுத்தை வேறு எதுவாகவும் நினைக்க முடியாது. எந்த ஊரில் வைத்துப் பார்த்தாலும் புதன் புதன்தான். அதற்காகச் சந்தோசப்பட்டேன், அதற்காகவே அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணில் தூசி என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் ரத்தச் சோதனைக்குக் கோயமுத்தூர் போனபோது உங்கள் மகளைப் பார்த்தேன். நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டம்மா பிள்ளையோடு கோயமுத்தூரில் உங்கள் மச்சான் வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டார் அல்லவா? கல்யாணமும் தள்ளிப்போய் அங்கேதான் நடந்தது. உங்களுக்குப் பதிலாக மச்சான்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். இப்போது உங்கள் மகளுக்கு ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும், "வாங்க பெரியப்பா" என்று கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தாள். முகம் மட்டும் தெளியவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு வராம இருந்திருந்தா அத்தா இன்னிக்கு இருந்திருப்பாருங்க பெரியப்பா. எனக்காகத்தானே அள்ளி அள்ளித் தின்னாரு. எங்க ஊட்டுக்காரருகூட ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிப்போட்டாரு."

ஆஸ்பத்திரியில் அன்று அவள் தலைமாட்டிலேயே நின்றாள். ஆனால் உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளுக்குப் பினாத்தலாகத்தான் கேட்டிருக்கிறது. நான் டாக்டரிடம் சொன்னதும் அவள் காதில் ஏறவில்லை. இத்தனை வருசமும் அவள் தன் கல்யாணத்தைத் தன் அத்தாவின் சாவாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

நான் முதலிலிருந்து சொன்னேன். அம்மணி சொன்ன வார்த்தையைச் சொன்னேன். நீங்கள் சொன்ன சந்தைகளை வரிசையாகச் சொன்னேன். "அந்தம்மா சொன்னபடிதான் கண்ணு உங்கத்தா செஞ்சாரு. எச்சாவும் போடலை, கொறச்சலாவும் போடலை" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா, எனக்கு ஆறுதலுக்காக ஆட்டினாளா என்று தெரியவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"பெரியப்பா, வெள்ளிக்கெழம அத்தா சந்தைக்குப் போக மாட்டாரு."

"ஆமாங் கண்ணு. தொழுகைக்குப் போவாரு."

"அன்னிக்கு மாத்திரை போடலீங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வெள்ளிக்கெழமைங்க. ராத்திரி சோத்தைப் பிசைஞ்சு கஞ்சியாட்டக் கரைச்சுக் குடிச்சாரு. வாயி அத்தன புண்ணு. உள்ளங்கை எரியுதுன்னு ஈரமண்ணுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான்தான் பொட்டலத்தைக் கொண்டாந்து குடுத்தேன். போட்டுக்கங்கத்தா, சீக்கிரம் கொணமாகட்டும்னு சொன்னேன். வாங்கவே இல்லைங்க. இன்னிக்குச் சந்தை இல்லியே கண்ணு, தொடவே கூடாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்குதுன்னாரு. நான் கோவிச்சுக்கிட்டேன். அப்பவும் தொடலை."

அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தொடலை பெரியப்பா, தொடவே இல்லை. சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை உடைந்து வந்தது. குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது. நான் யாரையும் தேற்றவில்லை. உங்கள் சாவுக்கு அவள் அன்றுதான் சரியாக அழுதாள் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு தெருவில் நடந்து பஸ்ஸுக்கு வந்தபோது என் கால் தரையில் பாவவில்லை. அவசரத்தில் அள்ளித் தின்கிறவர் வெள்ளிக்கிழமை ஒன்றை விடுவாரா பாய்? ஊரில் யார் கேட்டாலும் இனி நான் சந்தைக் கணக்கெல்லாம் சொல்லப்போவதில்லை. இது ஒன்றைத்தான் சொல்வேன்.

உங்களிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இதுதான். என் கண்ணால் நான் பார்க்காத ஒரு வெள்ளிக்கிழமை. உடம்பெல்லாம் எரிய, மகள் கெஞ்ச, மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, சந்தை இல்லை என்று சொல்லி இரண்டு கையையும் ஈரமண்ணில் வைத்தபடி நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.